கள்ளுக்கடை வளைவும் காந்தப் பெட்டியும்

என் கையெழுத்தை வாசிக்கச் சிரமமாக இருக்கிறது என்று பத்திரிகையிலிருந்து பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்கள். மன்னிக்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தி பிடித்துப் பழகிய கை இது. கோடு சாய்வாகத்தான் விழும். ரகரத்துக்கும் றகரத்துக்கும் எனக்கும் தோட்டப் பள்ளியிலேயே ஒத்துப்போகவில்லை. ஆறாம் வகுப்போடு நான் நின்றுவிட்டதால் அந்தத் தகராறு தீராமலே போயிற்று. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

பேருந்தில் ஒரு மூட்டை

சிரம்பானிலிருந்து கோலாலம்பூர் போகும் பேருந்தில், கடைசி வரிசையில், மடியில் ஒரு சாக்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்தேன். மூட்டைக்குள் ஒட்டுப்பால். ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டில் வடிந்து, அங்கேயே ஒட்டிக் காய்ந்துபோகும் பாலை அப்படித்தான் சொல்வோம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதன் நாற்றம் மூக்கில் ஏறாது. பேருந்தில் இருந்தவர்களுக்கு நன்றாகவே ஏறியது.

முன் இருக்கையில் பூக்கூடை வைத்திருந்த ஓர் அம்மா திரும்பினார். "யாருலா இது, தோட்டத்தையே பஸ்ஸுல ஏத்திட்டு வந்தது?"

டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்த தமிழ்ப் பையன் மூட்டையைக் கால்விரலால் தொட்டுப் பார்த்தான். "என்னாண்ணே உள்ள? செத்தது எதுவும் இல்லியே?"

"ஒட்டுப்பால்."

"கோலாலம்பூர்ல இத யாருண்ணே வாங்குறா?"

"விக்க இல்ல, தம்பி. லேசருக்கு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "லேசருன்னா, கல்யாண விருந்துல பாட்டு போட்டு பச்சை பச்சையா லைட் அடிப்பானுங்களே, அதுவா?"

பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒருவர் பார்த்தாலே வேர்க்கும். நீலாய் தாண்டும்வரை சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆனால் மூட்டையை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை. அன்று வியாழக்கிழமை. மறுநாளோடு என் தங்கைக்கு லேசர் இல்லை.

சாந்தி அளந்தது என்ன

என் தங்கை சாந்தி, லாபு பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண். பட்டம் வாங்கியதும் நிற்காமல், பௌதிகத்தில் மேல்படிப்பு என்று ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். எண்பதுகளின் கடைசி அது.

அவள் வேலை இதுதான். லேசர் ஒளியை வில்லையால் குவித்து, ஊசி முனை அளவு இடத்தில், ஓர் அலுமினியத் துண்டின்மேல் பாய்ச்சுவார்கள். கண் இமைக்கும் நேரம் என்கிறோமே, அதெல்லாம் இதன் முன்னால் ஒரு மழைக்காலம். அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் அந்த இடத்து அலுமினியம் கொதித்துச் சிதறி, அதிலிருந்து எலெக்ட்ரான்கள் தெறித்து ஓடும். பெரும்பாலானவை மெதுவானவை. சில மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு சக்தியோடு பாயும். அந்தச் சிலவற்றின் சக்தி எவ்வளவு என்று அளப்பதுதான் சாந்தியின் பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டேன்.

"கண்ணுக்கே தெரியாததை எப்படிம்மா அளப்ப?"

தட்டில் இருந்த மரவள்ளிக் கிழங்கைப் பிட்டுக்கொண்டே யோசித்தாள். "அண்ணே, நம்ம கள்ளுக்கடை எங்க இருக்கு?"

"லயத்துக்கு வர்ற வளைவுல." லயம் என்றால் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்.

"மெதுவா நடந்து வர்றவன் என்னா ஆவான்?"

"உள்ள போயிடுவான்."

"சைக்கிள்ல வர்றவன்?"

"கொஞ்ச தூரம் தாண்டிப் போயித்தான் ஒதுங்குவான்."

"மோட்டார்ல விரட்டிட்டு வர்றவன்?"

"தலைய மட்டும் லேசாத் திருப்பிட்டுப் போய்க்கிட்டே இருப்பான்."

"அதான்ணே. எலெக்ட்ரான் போற வழியில ஒரு காந்தத்த வச்சா, அது எல்லாத்தையும் ஒரு பக்கமாத் திருப்பிவிடும். மெதுவா வர்றது சட்டுனு வளைஞ்சு கிட்டவே விழும். வேகமா வர்றது கொஞ்சமா வளைஞ்சு எட்டப் போய் விழும். விழுற இடத்துல ஒரு பிலிம் வச்சிட்டா கறுப்பாத் தடம் பதியும். எட்டத் தள்ளி விழுந்ததோட தூரத்த அளந்தா சக்தி தெரிஞ்சிடும்."

உள்ளே படுத்திருந்த அப்பா குரல் கொடுத்தார். "அப்ப நான் எங்க விழுவேன்?"

"நீங்க கடை வாசல்லயேப்பா."

அம்மா கிழங்கு வெந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்பாவும் கோபிக்கவில்லை. எனக்குப் பௌதிகம் என்றால் இன்றைக்கும் அந்த வளைவுதான்.

காந்தம் வந்த வழி

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எங்கள் தோட்டத்துக் கோவிலின் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கம்பி இழுப்பேன், குழாயை மரத்தில் கட்டுவேன், பாட்டுப் போடுவேன். அதில் பேசுவது மட்டும் வேறு யாராவது. ஊருக்கே கேட்கிற சாமானை வைத்துக்கொண்டு வாய் திறக்காதவன் என்று என்னைக் கிண்டல் செய்வார்கள்.

ஒரு திருவிழாவில் எங்கள் மண்டோர், அதாவது வேலைக்காரர்களை மேய்க்கும் மேலாள், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பேர் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. "குழந்தையக் காணோம், சிவப்புச் சட்டை போட்ட குழந்தையக் காணோம்" என்று விடாமல் அலறினார். குழந்தை அவர் நின்ற மேசைக்கு அடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. அது எழுந்து வந்தபோது இரண்டு குழாய்களிலும் உள்ளே சுருள் கருகிவிட்டது.

சுருள் கருகினாலும் காந்தம் கெடாது. கழற்றி வைத்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் காந்தம் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும் என்று சாந்தி சொன்னபோது, கட்டிலுக்கு அடியிலிருந்து அவற்றை எடுத்துக் கொடுத்தேன். தன் வீட்டுச் சாவி கிடைத்ததுபோல வாங்கிக்கொண்டாள்.

அவள் வரைந்து தந்த படத்தின்படி ஒர்க்‌ஷாப் பிட்டர் இரும்புச் சட்டம் அறுத்தார். நான் அரம் போட்டு ராவினேன். காந்தங்களை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் ஒரு விரல் நுழையும் சந்து விட்டு, முன்னால் ஈயத் தகட்டில் ஒரு நுண்ணிய ஓட்டை வைத்தாள். பின்னால் பிலிம். மிட்டாய் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஆய்வுக்கூடத்தில் அதன் காந்தப் பலத்தை இடம் இடமாக அளந்து முடிக்கவே அவளுக்குப் பல வாரம் பிடித்தது.

பலகையில் வைத்த சாமான்

ஆயுத பூசை வந்தது. எங்கள் லயத்தில் அது தீபாவளிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கத்தி, அரம், வாளி, வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டா கம்பு, சைக்கிள் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம், குங்குமம் வைப்போம். பலகையில் வைத்த சாமானை மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது.

சாந்தி வீட்டுக்கு வருவதற்கு முன்பே அம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். "எல்லாரும் தொழில் சாமான் வைக்கிறாங்க. உன் தொழில் சாமான் எதுவோ அதக் கொண்டா."

அவள் பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். பத்திரமாகத்தான் வைத்தாள். அம்மாதான் துணியைப் பிரித்தாள். "சாமி கண்ணுல படாம மூடி வச்சா என்னா பூசை?" பொட்டு வைத்து, பலகையின் நடுவில், கத்திகளுக்கு இடையில் உட்காரவைத்தாள். எனக்கே பார்க்கப் பெருமையாக இருந்தது. ஒரு பக்கம் அப்பா கத்தி, ஒரு பக்கம் என் கத்தி, நடுவில் தங்கச்சி பெட்டி.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். சாமி முன்னால் மொட்டைக் கத்தி வைக்கமாட்டார். பலகையண்டை உட்கார்ந்து, கடைசி நிமிடம்வரை ஒவ்வொரு கத்தியாக அரத்தில் இழுத்துத் தீட்டி வைப்பார். அன்றைக்கும் தீட்டினார். அக்கம்பக்கத்து வீட்டுக் கத்திகளும் வந்து சேர்ந்தன. அரம் போட்டால் என்ன பறக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு நாள் அந்தப் பலகையில் காந்தம் இருந்ததில்லை. அதனால் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெளியில் இருந்த பொட்டை மட்டும் துடைத்துவிட்டாளாம். பெட்டி காற்றே இல்லாத கலத்துக்குள் போகவேண்டும், பொடி ஆகாது. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அம்மாவுக்கு யாராவது இதை வாசித்துக் காட்டினால் தெரிந்துகொள்ளட்டும்.

கிராணியின் போன்

புதன்கிழமை மதியம், பால்வெட்டு முடிந்து நான் பிட்டரோடு இருந்தபோது, ஆபீஸ் கிராணி, எங்கள் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்று கத்தினார்.

"டேய் மணியம்! உன் தங்கச்சி போன்ல. அழுவுதா சிரிக்குதான்னு எனக்குப் புரியலடா, ஓடு!"

ஓடிப்போய் எடுத்தேன்.

"அண்ணே, பூசையில என் பெட்டி எங்க இருந்திச்சு?"

"பலகையில. நடுவுல. கத்திங்களுக்குப் பக்கத்துல."

"அப்பா எங்க உக்காந்து தீட்டினாரு?"

"அங்கயேதான்."

பெருமூச்சு கேட்டது. "இப்பதான் டார்ச் அடிச்சுப் பாத்தேன். காந்தத்துக்கு மீசை மொளைச்சிருக்குண்ணே. சந்து முழுக்க இரும்புத் தூளு. ரெண்டு நாளா சுட்டுச் சுட்டுப் பாக்குறேன், பிலிம்ல திட்டுத் திட்டா விழுது. எலெக்ட்ரான் பாதி அதுல முட்டியே நின்னுடுது."

"தொடச்சா போவாதா?"

"துணி, பிரஷ், டேப்பு எல்லாம் பாத்தாச்சு. தொடச்சா இந்த மூலையிலருந்து அந்த மூலைக்கு ஓடுது. காந்தத்தக் கழட்டினா திரும்ப முதல்லருந்து பலம் அளக்கணும். வெள்ளிக்கிழமையோட லேசர வேற குழு எடுத்துக்கும்ணே. திரும்ப எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. எனக்குக் கொடுக்குற உதவித்தொகையும் இந்த வருசத்தோட சரி."

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். நல்ல படம் விழாவிட்டால் அவள் படிப்பு அந்த இடத்தோடு நின்றுவிடும்.

"நான் என்னா செய்யணும்?"

"ஒட்டுப்பால் கொண்டா. சின்னப் புள்ளையில உருட்டுவோமே பந்து, கீழ போட்டா மண்ணெல்லாம் புடிச்சுக்குமே? அது சந்துக்குள்ள அமுங்கும். தூள மேலயே ஒட்டவச்சு வெளிய இழுத்துடும்."

அவள் பள்ளிக்கூடம் போகுமுன் அம்மாவோடு மரத்துக்குப் போய் ஒட்டுப்பால் உரித்தவள். அத்தனை விலை உயர்ந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவளுக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது.

வீட்டில் சொன்னேன். அப்பா அரத்தைப் பார்த்தார். அம்மா முகம் சுருங்கிவிட்டது. "சாமிகிட்ட வச்சதுக்கா இப்படி?"

"சாமி ஒண்ணும் செய்யலம்மா. காந்தம் அதோட வேலையச் செஞ்சிருக்கு."

விடிந்ததும் அம்மா என்னோடு கிளம்பிவிட்டாள். பட்டைத் தூசி ஒட்டாத வெள்ளைப் பாலாகப் பார்த்துப் பார்த்து உரித்தாள். கையளவு போதும் என்று சாந்தி சொல்லியிருந்தாள். அம்மா சாக்கை நிரப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மூட்டைதான் பேருந்தில் என் மடியில் இருந்தது.

ரெம்பாவ்காரர்

பல்கலைக்கழக வாசலில் காவலாளி மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். ஒரு அடி பின்வாங்கி, எதற்கு என்று மலாயில் கேட்டார்.

"லேசருக்கு" என்றேன். இந்த முறை குரல் தடுமாறவில்லை. பேருந்தே கேட்டுவிட்டது, இவர் ஒருவர்தானே.

ஆய்வுக்கூடம் ஐஸ் வீட்டுக்குள் போனதுபோல இருந்தது. நீளமான இரும்பு மேசை, கண்ணாடி வில்லைகள், குழாய்கள், நடுவில் உருண்டையான எஃகுக் கலம். சாந்தி ஓடி வந்து மூட்டையைப் பார்த்தாள்.

"என்னண்ணே, டயர் செய்யப் போறமா?"

அதற்குள் அவளுடைய பேராசிரியர் வந்துவிட்டார். மலாய்க்காரர், கண்ணாடி போட்டவர், இஸ்திரி கலையாத சட்டை. வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"பாவ் கெதா" என்றார். ரப்பர் நாற்றம் என்று அர்த்தம்.

நான் சாக்கை இழுத்து மேசைக்கு அடியில் தள்ளப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார்.

"என் அப்பா மரம் வெட்டினவர். ரெம்பாவில். இன்றைக்கும் எங்கள் கம்பத்து வீட்டுக்கு அடியில் இந்த வாசம்தான்" என்றார் மலாயில். கம்பம் என்றால் கிராமம்; அங்கே வீடுகள் தூண்மேல் நிற்கும். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூவரும் உருட்டினோம். உள்ளங்கைச் சூட்டில் பால் இளகும்வரை தேய்த்து, சுண்டைக்காய் அளவாக்கி, மூங்கில் குச்சியால் சந்துக்குள் அமுக்கி எடுப்பாள் சாந்தி. வெள்ளையாகப் போனது எள்ளுருண்டையாக வெளியே வரும். அடுத்தது. அடுத்தது. பேராசிரியர் உருட்டியதுதான் நல்ல உருண்டை. அவரே அதைச் சொல்லிக்கொண்டார்.

கடைசியில் ஓர் உருண்டை போனபடியே வெள்ளையாகத் திரும்பி வந்தது. ஸ்பிரிட் நனைத்த துணியால் உள்ளே துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, பெட்டியைக் கலத்துக்குள் வைத்து மூடினாள். பம்பு காற்றை இழுக்க ஆரம்பித்தது.

ஒரு சின்னச் சத்தம்

எனக்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார்கள். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. இயந்திரம் வண்டு போல ரீங்காரமிட்டு, சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. திருவிழா வெடியை நினைத்துக்கொண்டு காதைப் பொத்தினேன்.

'டக்' என்றது. நாக்கைச் சொடுக்கியதுபோல.

"முடிஞ்சிச்சாம்மா?"

"முடிஞ்சிச்சு."

முதல் பிலிமில் ஒன்றுமே இல்லை. கழுவும் அறையின் சிவப்பு வெளிச்சத்தில் அது கண்ணாடித் துண்டுபோல் மிதந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கலங்கவில்லை. ஒளி குவியும் இடம் கொஞ்சம் விலகியிருக்கும் என்று சொல்லி, வில்லையைத் தாங்கும் திருகை மயிரிழை அளவு திருப்பிவிட்டு வந்தாள். மறுபடியும் ரீங்காரம். மறுபடியும் ஒரு 'டக்'.

இந்த முறை தட்டில் பிலிமை அசைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

முதலில் ஓர் ஓரத்தில் கறுப்பு ஊறியது. தடித்த கறுப்பு. பிறகு அது சாம்பலாகி, திட்டு இல்லாமல், விட்டுப்போகாமல், மெலிந்துகொண்டே அடுத்த ஓரத்தை நோக்கி நீண்டது. பூனை வால் மாதிரி ஒரு தடம். மெதுவானவை கிட்டே குவிந்திருக்க, வேகமானவை ஒவ்வொன்றாக எட்டப் போய் விழுந்திருந்தன.

வாலின் நுனியில் விரலை வைத்தாள். பிலிமில் படாமல், காற்றில்.

"அண்ணே, இவங்கதான் கள்ளுக்கடையில நிக்காதவங்க."

கண்ணீர் தட்டில் விழுந்துவிடக் கூடாது என்று தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சொன்னாள். வெளியே வந்து பேராசிரியரிடம் காட்டினாள். அவர் விளக்குக்கு எதிரே பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இன்னும் நான்கைந்து எடு. நாளைக்கு முழுவதும் உனக்குத்தான்" என்றார். அவளும் வெள்ளிக்கிழமை இயந்திரத்தை நிறுத்தும்வரை எடுத்தாள். அந்தப் படங்களிலிருந்துதான் அவளுக்குச் சக்தியின் கணக்கு வந்தது. பட்டமும் வந்தது. அவள் இப்போது ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறாள். கள்ளுக்கடை உதாரணத்தை அங்கே சொல்கிறாளா என்று நான் கேட்டதில்லை.

ஒரு பிலிமின் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்பா அதை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இதுல நான் எங்க?"

சாந்தி, தடித்த கறுப்பு ஓரத்தைக் காட்டினாள்.

"பரவால்ல" என்றார் அப்பா. "கூட்டமாத்தான் இருக்கோம்."

தனிப் பலகை

பெட்டி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் புதிதாக வேறு வாங்கிவிட்டார்கள். ஆயுத பூசைக்கு அது இன்னும் வருகிறது, ஆனால் தனிப் பலகையில். அப்பா அரத்தை எடுத்தாலே அம்மா, "புள்ள பெட்டி இருக்கு, வெளிய போய்த் தீட்டுங்க" என்று விரட்டுவாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே குழாயடிக்குப் போவார். பெட்டிக்குப் பொட்டு வைப்பதையும் அம்மா விடவில்லை.

இதை நேற்றே எழுத உட்கார்ந்தேன். பேனாவைக் காணோம். தேடினால், பெட்டிக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமத்தோடு படுத்திருக்கிறது.

"பத்திரிகைக்கு எழுதறதும் தொழில்தானே" என்றாள் அம்மா. "நாளைக்கு எடுத்துக்க."

ஆகவே, இதை எழுதிய நாள்: ஆயுத பூசைக்கு மறுநாள், காலையில், பேனாவின் பொட்டு காய்ந்த பிறகு.